முட்டுச்சந்துகளின் ஊர்

பாங்காக்குக்குத் தனியாகப் போகப்போகிறேன் என்று வந்து உட்காருகிறவர்களிடம் நான் கோயில் பட்டியலை நீட்டுவதில்லை. அது எந்த வழிகாட்டியிலும் கிடைக்கும். டீ வருவதற்குள் கைப்பேசியில் அந்த ஊர் வரைபடத்தைத் திறந்து, சுகும்வித் சாலைப் பக்கத்தைப் பெரிதாக்கச் சொல்வேன். இந்தச் சந்திலிருந்து பக்கத்துச் சந்துக்கு விரலால் கோடு இழுத்துக் காட்டுங்கள் பார்ப்போம் என்பேன். விரல் சந்தின் கடைசி வரைக்கும் போய் முட்டி நிற்கும். திரும்பி வந்து அடுத்ததில் நுழையும். அதுவும் முட்டும்.

அந்தச் சந்துகளுக்கு அங்கே சோய் என்று பெயர். பெரிய சாலையை நடு எலும்பாகவும் சோய்களை இருபுறத்து முள்ளாகவும் வைத்து ஒரு மீனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முள்ளின் நுனியிலிருந்து அடுத்த முள்ளின் நுனிக்குப் போக வழி இருக்காது; நடு எலும்புக்கு வந்துதான் திரும்ப வேண்டும். வரைபடத்தில் இருநூறு மீட்டரில் தெரிகிற சாப்பாட்டுக் கடைக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருப்பது இதனால்தான். தனியாகப் போகிறவருக்கு முதல் இரண்டு மூன்று நாள் இது எரிச்சலாக இருக்கும். காரணம் பிடிபட்டுவிட்டால், அந்த ஊரில் அன்றாடம் கண்ணில் படுகிற பாதி விஷயங்கள் தாமாகவே விளங்க ஆரம்பிக்கும். ஆரஞ்சு மேல்சட்டை போட்ட பைக் டாக்சிக்காரர்கள், சோய் முனையில் கூடும் தள்ளுவண்டிகள், பையில் கட்டித் தரும் குழம்பு, ஒற்றை ஆளுக்கென்றே போட்டதுபோன்ற சாப்பாட்டு மேசை எல்லாம் ஒரே கயிற்றில் கோத்தவை.

கயிற்றின் நுனி தண்ணீரில் இருக்கிறது. 1782இல் அரசர் முதலாம் ராமா தலைநகரைச் சாவ்பிரயா ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றியபோது அது சேற்றுநிலம். ஆறு வண்டல் கொண்டுவந்து போட்ட சமவெளி, கடல் மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. போக்குவரத்து முழுக்கக் கால்வாய்களில். வீடுகள் தூண்மேல் நின்றன, அல்லது மிதவைமேல் மிதந்தன. 1855இல் பிரிட்டனோடு பௌரிங் வணிக ஒப்பந்தம் ஆனபின் ஐரோப்பிய வணிகர்களும் தூதர்களும் பெருகினார்கள். குதிரை வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இங்கே சாலையே இல்லை, உடம்புக்கு ஆகவில்லை என்று 1861இல் அரசர் நான்காம் ராமாவிடம் மனுக் கொடுத்தார்கள். அப்படி வந்ததுதான் சரோன் குருங் சாலை; 1864இல் திறந்தது.

சேற்று நிலத்தில் சாலை போடுவது எப்படி என்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டுவார்கள், வெட்டிய மண்ணைப் பக்கத்தில் மேடாக்குவார்கள். மேடு சாலையாகும், பள்ளம் கால்வாயாகும். இன்றைய வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த சிலோம் சாலை இப்படிப் பிறந்தது. அதன் கால்வாயைப் பின்னால் மூடிவிட்டார்கள். பக்கத்துச் சாத்தோர்ன் சாலையின் நடுவே மட்டும் பழைய கால்வாய் இன்னும் கிடக்கிறது. போகிற வருகிற கார்களுக்கு நடுவில் அந்தத் தண்ணீரைப் பார்த்தால் ஊரின் சரித்திரத்தை வெட்டித் திறந்து வைத்ததுபோல இருக்கும்.

கால்வாயை ஒட்டி வயல்களும் பழத்தோட்டங்களும் இருந்தன. எல்லோருக்கும் தண்ணீர் முகப்பு வேண்டும். அதனால் ஒவ்வொருவர் நிலமும் கரையில் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் நாடா நாடாவாகப் பிரிந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஊர் வெளியே பரவியபோது, நிலக்காரர் தன் நாடாவை மனை போட்டு விற்றார். மனைகளுக்குப் போக நடுவில் ஒரு பாதை விட்டார். பக்கத்து நிலக்காரரும் அதையே செய்தார். இரண்டு பாதைகளையும் இணைக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை; இணைத்தால் விற்கும் நிலத்தில் ஒரு துண்டு போகும். அரசும் முன்கூட்டிக் குறுக்குத் தெரு திட்டமிடவில்லை. வயல் போய்விட்டது, வரப்பு முட்டுச்சந்தாகத் தங்கிவிட்டது. வீட்டுக் கதவிலக்கத்தில் 39/4 என்பதுபோலச் சாய்கோடு வருவதும் இந்தக் கூறுபோடலின் தடம்தான். முதல் எண் பழைய மனைக்கு, அடுத்தது அதைப் பிரித்தபோது வந்த வரிசைக்கு. அதனால் 39/4க்கு அடுத்த வீடு 39/5 என்று நம்பி நடக்க வேண்டாம்.

சோய் எண்களிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. சாலையின் ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. சுகும்வித்தில் வடக்கே ஒற்றை, தெற்கே இரட்டை. ஆனால் 55க்கு எதிரே 56 இருக்குமென்று சாலையைக் கடந்தால் அங்கே 38 நிற்கும். தோங்லோ ரயில் நிலையத்தில் இதை நேரில் பார்க்கலாம். அடுத்த நிலையமான எக்கமாயில் 63க்கு எதிர்ப்பக்கம் 42. வடபக்கத்து நிலங்கள் அதிகமாகத் துண்டானதால் சந்துகளும் அதிகம், எண்கள் வேகமாக ஓடின. விடுதி முகவரி வந்ததும் எண் ஒற்றையா இரட்டையா என்று முதலில் பாருங்கள். ரயில் நிலையத்தில் எந்தப் பக்கப் படியில் இறங்குவது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இனி அந்தப் பைக் டாக்சிக்காரர்கள். சோய் முனையில் ஒரு நிழற்கூரை, ஒரு பெஞ்சு, வரிசையாகப் பைக்குகள், ஆரஞ்சு மேல்சட்டையின் முதுகில் எண். இந்த நிறுத்தத்தை வின் என்கிறார்கள். வரிசையில் முதலில் நிற்பவர்தான் உங்களை ஏற்றுவார். பின்னால் நிற்கிறவர் முந்திக்கொண்டு வரமாட்டார். பெரும்பாலான வின்களில் ஒரு பலகை தொங்கும். சோய்க்குள் எந்த இடம் வரை எவ்வளவு என்று எழுதியிருக்கும். எழுத்து புரியாவிட்டாலும் எண்கள் புரியும். பேரம் பேசுகிற வேலை இல்லை. தனியாகப் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று போனால்தான் தெரியும். தலைக்கவசத்தைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். முழங்காலை உள்ளே ஒடுக்கி உட்காருங்கள். நெரிசலில் இரண்டு கார்களுக்கு நடுவே அவர் நுழையும்போது வெளியே நீட்டிய முழங்கால்தான் இடிபடும்.

இந்தத் தொழில் எண்பதுகளில் சோய்களுக்குள் தோன்றியது. பேருந்து பெரிய சாலையோடு நின்றுவிடும், உள்ளே ஒன்றரைக் கிலோமீட்டர் வெயிலில் நடக்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப வந்தவர்கள் இவர்கள். நிறையப் பேர் வடகிழக்கில் ஈசான் பகுதிக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். நடவுக்கும் அறுப்புக்கும் ஊருக்குப் போய் வருகிறவர்கள் உண்டு. கிளாடியோ சோப்ரன்செட்டி என்ற இத்தாலிய மானுடவியலாளர் இவர்களைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அரசை எதிர்த்து நடந்த 2010 செஞ்சட்டைப் போராட்டத்தில் இவர்கள் எப்படி முக்கியமானார்கள் என்பதையும் அதில் ஆராய்ந்திருக்கிறார். ஊரின் எந்தச் சந்து எதில் சேரும், எந்தக் கோயில் வளாகத்துக்குள் புகுந்து பின்பக்கமாக வெளியேறலாம் என்பது இவர்களுக்கு அத்துபடி. வரைபடத்தில் முட்டி நிற்கிற சந்துகளில் சிலவற்றுக்குக் கோயில் மதில் வழியாகவோ கால்வாய்மேல் போட்ட சின்னப் பாலத்தின் வழியாகவோ ஒரு புழைக்கடைப் பாதை உண்டு. வின்காரர் பின்னால் உட்கார்ந்து போகும்போது அதைப் பார்த்து வைத்துக்கொண்டால் அடுத்த நாள் நீங்களே நடக்கலாம்.

நன்றாகக் கவனித்தால், இந்த வண்டியில் ஒருவருக்குத்தான் இடம். பாங்காக் தனி ஆளுக்கு ஏற்ற ஊர் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். இரண்டு பேர் போனால் இரண்டு வண்டி பிடிக்க வேண்டும், நாலு பேர் போனால் நெரிசலில் டாக்சிக்குள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். ஒருவராகப் போகிறவருக்கு ஊர் வழிவிடுகிறது.

சாப்பாட்டுக்கும் அதே கதைதான். மாலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு சோய் முனையில் போய் நில்லுங்கள். வேலை முடிந்து ரயிலிலும் பேருந்திலும் வந்து இறங்குகிறவர்கள், பைக்கில் ஏறுமுன் இந்த முனையில் ஐந்து நிமிடம் நிற்பார்கள். பல பேர் தங்கியிருப்பது சமையலறை இல்லாத ஒற்றை அறைகளில். வீட்டில் அடுப்பு எரிவதில்லை, சோய் முனையில் எரிகிறது. தள்ளுவண்டிகள் அங்கே கூடுவது இந்தக் கணக்கில்தான். பெரிய தட்டுகளில் ஏழெட்டுக் குழம்பு, பொரியல் வைத்திருப்பார்கள். விரலால் காட்டினால் சோற்றின்மேல் ஊற்றித் தருவார்கள், அல்லது பையில் கட்டித் தருவார்கள்.

அந்தக் கட்டும் வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். கண்ணாடிபோன்ற பையில் ஒரு கரண்டி குழம்பு விழும். கடைக்காரம்மா பையின் வாயைச் சுண்டிக் காற்றை உள்ளே அடைப்பார். பை பந்துபோல உப்பும். கழுத்தில் ரப்பர் பேண்டின் ஒரு நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நாலைந்து சுற்றுச் சுற்றி, கடைசிச் சுற்றைத் திரும்ப மடக்கிச் செருகுவார். இரண்டு விநாடி. பையைத் தலைகீழாகப் பிடித்தாலும் சொட்டாது. அறைக்குப் போய் அவிழ்க்கும்போதுதான் நமக்குப் பொறுமை சோதிக்கப்படும். அந்தச் செருகிய நுனியைத் தேடிப்பிடித்து இழுத்தால் முழுச் சுற்றும் ஒரே இழுப்பில் கழன்றுவிடும். காற்றை அடைப்பதும் அழகுக்காக இல்லை. உப்பிய பை நசுங்காது, பைக் கைப்பிடியில் தொங்கவிட்டால் குழம்பு பத்திரமாக வீடு சேரும்.

உட்கார்ந்து சாப்பிடுவதானால் வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி. முள்கரண்டி தள்ளுவதற்கு, வாய்க்குப் போவது கரண்டி. குச்சிகள் நூடுல்ஸ் கடையில் மட்டும். நூடுல்ஸ் மேசையில் நாலு சிறு கிண்ணம் இருக்கும்: சர்க்கரை, மிளகாய்த்தூள், மீன் சாறு, மிளகாய் ஊறிய வினிகர். சமையல்காரர் பாதி ருசியோடு நிறுத்திவிடுவார், மீதி உங்கள் பொறுப்பு. முதலில் ஒரு வாய் சாறு குடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் பக்கத்து மேசையிலும் ஒருவர்தான் உட்கார்ந்திருப்பார்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கவலையோடு கேட்பார்கள். மீன் சாறு அங்கே உப்புக்குப் பதில்போல எதிலும் விழும், வெறும் கீரைப் பொரியலிலும் உண்டு. காய்கறி என்று சொல்லி வாங்குவது போதாது. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து எழுதிய கொடியைத் தேடுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் 17 என்று எழுதியதுபோல இருக்கும். அது ஜே என்ற சொல். சீனப் பௌத்த வழியில் மீனும் முட்டையும் பாலும் இல்லாத சமையல். பூண்டு வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம், பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி, ஒன்பது நாள் இந்த விரதத் திருவிழா வரும். அப்போது சீனர் பகுதியான யாவ்வராத் சாலை முழுக்க இந்தக் கொடிகள்தான். அந்த ஒன்பது நாளில் போனால் சைவக்காரருக்குப் பாங்காக் போல ஒரு ஊர் கிடையாது.

டீயும் சொல்லிவிடுகிறேன். நீண்ட துணிப் பையில் வடித்த செம்பழுப்பு டிகாக்‌ஷன், அதில் கெட்டிப்பால், சர்க்கரை, பிறகு கோப்பை நிறைய ஐஸ். நம் நாக்குக்கே தித்திப்பு தாங்காது. ‘வான் நோய்’ என்று சொன்னால் இனிப்பைக் குறைத்துப் போடுவார்கள். கேட்கும்போது, மூத்தவராகத் தெரிந்தால் ‘பீ’ என்று அழையுங்கள், இளையவராக இருந்தால் ‘நோங்’. நாம் அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி என்று கூப்பிடுவதைப்போல, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக. முகம் உடனே மலர்ந்துவிடும்.

மூடாமல் விட்ட கால்வாய்களில் சேன்சேப் இன்னமும் உழைக்கிறது. 1837இல் மூன்றாம் ராமா காலத்தில், கம்போடியாவில் வியட்நாமியரோடு நடந்த போருக்குப் படையும் தளவாடமும் அனுப்ப வெட்டத் தொடங்கியது இது. இன்று அலுவலகம் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஊரின் குறுக்கே படகுகள் பறக்கின்றன. 1990இல் தொடங்கிய சேவை. மேலே சாலை உறைந்து நிற்கும்போது கீழே படகு தடையில்லாமல் போகும். படகு துறையை இடித்துக்கொண்டு வந்து நிற்கும், சில விநாடிதான். தயங்காமல் விளிம்பில் கால் வைத்து உள்ளே இறங்கிவிட வேண்டும். டிக்கெட் கொடுப்பவர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு படகின் வெளி விளிம்பில், கயிற்றைப் பிடித்தபடி நடந்து வருவார். தாழ்வான பாலங்களுக்குக் கீழே போவதால் அந்தக் கவசம். ஓரத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு: எதிர்ப் படகு வரும்போது பக்கத்திலிருக்கும் கயிற்றை இழுத்தால் நீலப் படுதா மேலே ஏறும். தண்ணீர் சுத்தமில்லை, முகத்தில் படாமல் எல்லோரையும் காப்பது அந்த ஓர இருக்கைக்காரரின் கடமை. யாரும் சொல்லித் தருவதில்லை. பக்கத்திலிருப்பவர் கை நீட்டுவதைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான். பிரதுநாம் துறையில் எல்லோரும் இறங்கிப் படகு மாறுவார்கள், கூட்டத்தோடு நீங்களும் மாறுங்கள்.

ஹுவா சாங் பாலத்துத் துறையில் ஒருமுறை இறங்கிப் பார்க்கச் சொல்வேன். ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கரின் தேக்கு வீடு பக்கத்தில் இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனவர், 1967இல் மலேசியாவின் கேமரன் மலையில் காணாமல் போனார். எல்லோரும் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவருக்குப் பட்டு நெய்தவர்கள் இருந்தது கால்வாயின் எதிர்க்கரையில், பான் குருவா என்ற குடியிருப்பில். இன்றைய வியட்நாம் பகுதியில் இருந்த பழைய சம்பா அரசின் வழிவந்த முஸ்லிம்கள். முதலாம் ராமாவுக்காகப் போரிட்டதற்கு நன்றியாக இந்த நிலம் கிடைத்தது என்பது அவர்கள் வரலாறு. எண்பதுகளின் இறுதியில் விரைவுச்சாலைக்காக இந்த இடத்தை எடுக்கப் பார்த்தபோது ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்று தடுத்தார்கள். ஒரு கைகூட முழுதாக நீட்ட முடியாத சந்துகள், பள்ளிவாசல், இன்றும் சில வீடுகளில் தறிச் சத்தம். என்னைக் கேட்டால், வீட்டுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் இந்தக் கரைக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கலாம்.

சிலோம் சாலையில் நம்மவர் தடமும் உண்டு. அங்கே குடியேறிய தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய மகா மாரியம்மன் கோயில், பான் சாலை முனையில் நிற்கிறது. கோபுரம், குருக்கள், பூசை எல்லாம் நமக்குப் பழகியவை. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். சாமந்தி மாலையும் தேங்காயும் பழமும் வைத்த தட்டோடு நிற்பார்கள். விஜயதசமி இரவில் அம்மன் ஊர்வலத்துக்காகச் சிலோம் சாலையையே அடைத்துவிடுவார்கள்.

காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ரயில் நிலையத்திலோ பூங்காவிலோ இருந்தால் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் கேட்கும். ஓடிக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள்.

லும்பினிப் பூங்காவில் அந்த ஆறு மணியைப் பார்ப்பது நல்லது. ஏரிக்கரையில் ஆள் நீளத்துக்கு நீர் உடும்புகள் அசையாமல் படுத்திருக்கும். பயந்து ஓட வேண்டாம், விலகி நடந்தால் போதும். ஊருக்குள் அவை எப்படி வந்தன என்று கேட்பார்கள். அவை எங்கும் வரவில்லை. சதுப்பு அவற்றின் வீடு, ஊர்தான் அதன்மேல் வந்தது. அங்கிருந்து உயர நடைபாதை ஒன்று பென்ஜகித்தி பூங்காவுக்குப் போகிறது. புகையிலைத் தொழிற்சாலை இருந்த நிலத்தைச் சதுப்புக் காடாக மாற்றி 2022இல் திறந்தார்கள். சின்னச் சின்ன மண்திட்டு, ஒவ்வொன்றிலும் மரம், நடுவே தண்ணீர். மழை நீரை வாங்கி வைத்துக்கொள்ளத்தான் இந்த அமைப்பு. 2017இல் சுலாலோங்கோர்ன் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டுப் பூங்காவை வடிவமைத்த கோச்சகோர்ன் வோராக்கோமும் இதே எண்ணத்தில்தான் முழுப் பூங்காவையும் ஒரு பக்கம் சரித்தார். மேலே விழும் மழை சரிந்து வந்து கீழ்க் குளத்தில் தங்கும், சுமார் 10 லட்சம் கேலன் வரை. மூடிய கால்வாய்களின் வேலையை இனிப் பூங்காக்கள் செய்ய வேண்டியிருக்கிறது. 2011 வெள்ளத்தில் டான் முவாங் விமான நிலையமே தண்ணீரில் நின்றது. அந்த ஊர்க்காரர்கள் யாரும் அதை மறக்கவில்லை.

ஆகவே அறை பிடிக்கும்போது நட்சத்திரக் கணக்கைவிட, எந்தச் சோய், முனையிலிருந்து எவ்வளவு உள்ளே, முனையில் வின் இருக்கிறதா, இரவு எத்தனை மணி வரை இருப்பார்கள் என்று கேட்டு எழுதுங்கள். செப்டம்பர், அக்டோபர் என்றால் இன்னொன்றும் சேர்த்துக் கேளுங்கள்: பெருமழை பெய்தால் அந்தச் சோயில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும்? நேர்மையான விடுதிக்காரர் மணிக்கணக்கிலேயே பதில் சொல்லிவிடுவார்.